மடியில் வைத்த கைகள்

அவள் பெயரை நான் எழுதப் போவதில்லை. அவள் இப்போது உயிரோடு இல்லை. ஆனால் அவளுடைய தமக்கை வீட்டார் இதே மட்டாஞ்சேரியில்தான் இருக்கிறார்கள். எதிரே வந்தால் நான் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுகிறேன். நாங்கள் எல்லோரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டோம். அவளைவிட இரண்டு வயது மூத்தவளான நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். அவளிடம் அப்படி ஒரு நிதானம் இருந்தது.

பஜார் ரோட்டில் ஒரு சுக்குக் கிடங்கு. பதினாறு பெண்கள் தரையில் உட்கார்ந்து முறத்தில் சுக்கைப் போட்டுப் பொறுக்குவோம். நல்லது ஒரு பக்கம், புழு துளைத்தது ஒரு பக்கம், முறிந்தது ஒரு பக்கம். எங்களுக்கு மேலாக இருந்து பார்த்துக்கொண்டவள் அக்கா. கிடங்குக்கு ஒரே ஒரு ஜன்னல். காயல் காற்று அது வழியாகத்தான் உள்ளே வரும். சுக்குத் தூசியில் மூக்கும் கண்ணும் எரிகிறவர்களுக்குத்தான் அந்தக் காற்றின் அருமை தெரியும். அந்த ஜன்னல் ஓரத்துக்காக இரண்டு பெண்கள் ஒருமுறை முடியைப் பிடிக்காத குறையாகச் சண்டை போட்டார்கள்.

அக்கா இருவரையும் தனித்தனியாகக் கேட்டாள். "நீ சொல்றது சரிதான்" என்று ஒருத்தியிடம் சொன்னாள். அடுத்தவளிடமும் அதையே சொன்னாள். மறுநாள் காலையில் தன் சாக்கை ஜன்னல் ஓரத்தில் விரித்து, தானே உட்கார்ந்துகொண்டாள்.

"எடி, பாத்தீங்களாடி! சண்டை போட்டது ரெண்டு பேரு. காத்து யாருக்கு?" என்றாள் மைமூன்.

கிடங்கே சிரித்தது. அக்காவும் சிரித்தாள். ஆனால் எழுந்திருக்கவில்லை. அந்த இரண்டு பெண்களும் சாயங்காலத்துக்குள் பேசத் தொடங்கிவிட்டார்கள், அக்காவைத் திட்டுவதற்காகவாவது ஒருவருக்கு ஒருவர் வேண்டியிருந்தது. அவள் கணக்கு அதுவாகவே இருந்திருக்கும். ஜன்னல் மட்டும் அவளுக்கே நிலைத்துவிட்டது.

மைமூன் ராவுத்தர் வீட்டுப் பெண். வீட்டில் தமிழ், வெளியில் மலையாளம், கோபத்தில் இரண்டும். எனக்குப் பக்கத்துச் சாக்கு அவளுடையது. எனக்கு நாலு பேர் முன்னால் வாய் வராது. திருநெல்வேலிப் பக்கத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்துவிட்டுக் கல்யாணமாகி இங்கே வந்தவள் நான். மலையாளம் காதில் ஏறியது, கண்ணில் ஏறவில்லை. எனக்கும் சேர்த்து மைமூன்தான் பேசுவாள்.

பத்தரை மணிக்குச் சாயா வரும். அப்போது அக்கா மலையாளப் பத்திரிகையை விரிப்பாள். மலையாளத்தில் ஒரு வரி வாசிப்பாள், அதைத் தமிழில் எங்களுக்குச் சொல்லுவாள். கொலை, கொள்ளை, சினிமா எதுவும் வாசிக்க மாட்டாள். நேராக உலகச் செய்திக்குப் போவாள். சாக்குகளின் மேல் மையில் குத்தியிருக்கும் துறைமுகப் பெயர்களைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு எல்லா நாடும் தெரிந்த ஊர் மாதிரி ஆகிவிட்டது. "அவங்க பெரிய சுக்குதான் வாங்குவாங்க", "இவங்க பொடிக்கு வாங்குறவங்க" என்று நாடுகளைச் சொல்லுவாள், அடுத்த தெருக்காரர்களைச் சொல்வதுபோல.

ரஷ்யாவும் உக்ரைனும் சண்டை தொடங்கியபோது அவள் வாசித்த ஒரு செய்தி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. உலக நாடுகள் எல்லாம் கூடிய சபையில் அந்தச் சண்டையைக் கண்டித்து ஓட்டுக்கு விட்டார்களாம். நம் நாடு விலகி நின்றதாம்.

"விலகி நின்னதுன்னா எப்படிக்கா?" என்று யாரோ கேட்டார்கள்.

அக்கா பத்திரிகையைக் கீழே வைத்தாள். தன் இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "இப்படி. வேணும்னும் கை தூக்கலை, வேண்டாம்னும் தூக்கலை. ரெண்டு பேரும் நமக்கு வேண்டியவங்க. ஒருத்தனுக்காகக் கையைத் தூக்கினா இன்னொருத்தன் மூஞ்சியில எப்படி முழிக்கிறது?"

"அடி வாங்குறவன் மூஞ்சியில முழிக்கலாமா?" மைமூன் விடவில்லை.

"நீ ஒருத்தி. முன்னாடியெல்லாம் நம்மள யாரு கேட்டா சொல்லு? இப்ப ரெண்டு பேரும் ஃபோன் பண்றாங்க. ரெண்டு பேருக்கும் நாம வேணும். அதுக்குப் பேருதான் பெரிய ஆளாகுறது."

"பெரிய ஆளாகிட்டா வாயைத் திறக்கணும் அல்லே? ஆளு சின்னவனா இருந்தா பயந்து பேசாம இருப்பான். பெரியவனுக்கு எந்தா பயம்?"

"பெரியவன்தான்டி பாத்துப் பேசணும்."

நான் பேசவில்லை. ஆனால் அக்கா சொன்னதுதான் எனக்குப் பிடித்திருந்தது. பேசாமல் இருப்பதை என் வாழ்நாள் முழுவதும் ஒரு குறையாகவே எல்லோரும் சொன்னார்கள். அன்றைக்கு முதன்முதலாக அது ஒரு பெரிய காரியம்போலக் காதில் விழுந்தது. நானும் என் கைகளை மடியில் வைத்துப் பார்த்தேன்.

சில மாதம் கழித்து, சண்டையைத் தொடங்கிய ரஷ்யாவிடமிருந்தே நாம் பெட்ரோல் எண்ணெய் மலிவாக வாங்குகிறோம் என்று அக்கா வாசித்தாள். மைமூன் சாயாவை ஒரு மடக்கு குடித்துவிட்டு, "ஜன்னல் சீட்டு கிடைச்சிருச்சு" என்றாள். புரிந்துகொண்டு நாங்கள் சிரிப்பதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அக்கா அன்றைக்குத்தான் கொஞ்சம் முகம் சுளித்தாள்.

அவள் அப்படித்தான் வாழ்ந்தாள். ஒரே நாளில், பேச்சுவார்த்தையில்லாத இரண்டு வீடுகளில் கல்யாணம் வந்தால் ஒரு வீட்டில் சோறு, இன்னொரு வீட்டில் பாயசம். யூனியன்காரர்கள் இரண்டு கொடியோடு வந்தால் இரண்டு பேருக்கும் சாயா. வேலைநிறுத்த நாளில் வேலைக்கும் வர மாட்டாள், கோஷத்துக்கும் போக மாட்டாள். கிடங்கு வாசல் எதிரே நின்று கடலை தின்றுகொண்டிருப்பாள். ஓட்டு யாருக்குப் போட்டாள் என்று அவள் புருஷன் சாகும்வரை கேட்டுப் பார்த்திருக்கிறார். அவளைத் திட்டியவர்கள் உண்டு. ஆனால் வீட்டில் ஒரு சண்டை என்றால் நடுவில் போய் நிற்க அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

அவளுடைய தமக்கை மகன் ஒருவன் இருந்தான். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிறவன். நல்ல சட்டை, நல்ல பேச்சு. என் வீட்டுக்காரருக்கு நெஞ்சு வலி வந்த அன்று ஆம்புலன்ஸுக்கு ஃபோன் செய்து கூடவே வந்தவன் அவன்தான். அதை நான் மறைக்கக் கூடாது.

அவன் ஒருநாள் சாயா நேரத்தில் கிடங்குக்கு வந்தான். மைமூனின் மகன் ஷபீக் கல்யாண வீடுகளில், செம்பு என்று இங்கே சொல்லும் பிரியாணி அண்டாவை இறக்குகிறவன். இருபத்திநாலு வயது. அவனை ரஷ்யாவுக்கு அனுப்பச் சொல்லி மைமூனிடம் பேச வந்தான். எனக்கும் அக்காவுக்கும் நடுவில் ஒரு சாக்கின்மேல் உட்கார்ந்தான்.

"சண்டை நடக்கிற ஊருக்கா?" என்றாள் மைமூன்.

"சண்டை எங்கேயோ நடக்குது உம்மா. இது கேன்டீன் வேலை. உருளைக்கிழங்கு உரிக்கணும், சூப் வைக்கணும். சண்டைக்கும் இதுக்கும் இங்கேயிருந்து டில்லி தூரம்."

"துப்பாக்கி கிப்பாக்கி ஒண்ணும் இல்லையே?"

"கரண்டிதான்."

மைமூன் மூன்று முறை கேட்டாள். மூன்று முறையும் அவன் கரண்டி என்றான். அக்கா பத்திரிகையிலிருந்து நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். மற்றவர்கள் சாயாக் கிளாஸ் கழுவ வெளியே போயிருந்தார்கள். கேட்டது நாங்கள் இரண்டு பேர்தான்.

ஷபீக் போனான். இரண்டாம் மாதம் மைமூனின் ஃபோனில் அவன் குரல் வந்தது. அவள் அதைக் கிடங்கில் எல்லோருக்கும் போட்டுக் காட்டினாள். "உம்மா, இங்க அடுப்பே இல்லை. ஒரு உருளைக்கிழங்குகூட நான் உரிக்கல. யூனிஃபார்ம் குடுத்துட்டாங்க. துப்பாக்கி சொல்லித் தர்றாங்க." பின்னால் ஏதோ வண்டிச் சத்தம். அவன் குரல் அழவில்லை. வெட்கப்படுகிறவன்போல மெதுவாக இருந்தது. மைமூன் அதைத் திரும்பத் திரும்பப் போட்டாள், கடைசியில் அக்கா ஃபோனை வாங்கி மூடி வைக்கும்வரை.

எர்ணாகுளத்தில் ஓர் ஆபீஸில் மனு வாங்கினார்கள். ஏமாற்றிக் கூட்டிப் போகப்பட்டவர்களைத் திருப்பி அனுப்பச் சொல்லி நம் அரசாங்கம் அந்த நாட்டோடு பேசுகிறது, பெயர்ப் பட்டியல் தயாராகிறது என்றார்கள். ஆனால் அக்காவின் தமக்கை மகன் அங்கே போய், பையன் தெரிந்தேதான் போனான், காகிதத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறான் என்று சொல்லிவிட்டான். அந்தக் காகிதம் என்ன பாஷையில் இருந்தது என்றே ஷபீக்குக்குத் தெரியாது. கேன்டீன் வேலை என்று தமக்கை மகன் சொன்னதைக் காதால் கேட்டவர்கள் வந்து எழுதிக் கொடுத்தால் உதவியாக இருக்கும் என்று ஆபீஸில் சொன்னார்களாம்.

மைமூன் எங்கள் இரண்டு பேர் முன்னால் வந்து உட்கார்ந்தாள். சத்தமாகப் பேசுகிறவள் அன்று சத்தமில்லாமல் பேசினாள். "நீங்க ரெண்டு பேரும் இருந்தீங்க. கேட்டதைச் சொன்னா மதி, அது போதும். வேற ஒண்ணும் வேண்டாம்."

அக்காவின் கைகள் மடிக்குப் போயின. "ரெண்டு பேரும் எனக்கு வேண்டியவங்க மைமூன். கொஞ்சம் பொறு. நான் அவன்கிட்டே வீட்ல வெச்சுப் பேசிப் பாக்கிறேன்."

மைமூன் என்னைப் பார்த்தாள். நான் அக்காவைப் பார்த்தேன். எனக்குள் என்ன வந்தது என்று உண்மையாக எழுதுகிறேன்: நிம்மதி வந்தது. அக்காவே பேசவில்லை, நான் எப்படிப் பேசுவது என்று சொல்லிக்கொள்ள ஒரு இடம் கிடைத்தது.

ஒன்பது நாள் அப்படியே போயிற்று. அக்கா தமக்கை வீட்டுக்கு மூன்று தடவை போய் வந்தாள். தமக்கை மகன் ஒவ்வொரு தடவையும் "பாக்கலாம் சித்தி" என்றானாம். பத்தாவது நாள் பத்திரிகையில் வாசித்தாள்: நம்மவர்களை விடச் சொல்லி நம் அரசாங்கம் கேட்டிருக்கிறது, அவர்களும் பார்க்கலாம் என்றிருக்கிறார்கள்.

"எப்படிக் கேட்டாங்க?" என்றாள் மைமூன். "எந்திரிச்சு நின்னு கேட்டாங்களா, ஜன்னல் சீட்ல உக்காந்துக்கிட்டே கேட்டாங்களா?"

யாரும் சிரிக்கவில்லை. அக்கா பத்திரிகையை மடித்தாள். அதற்கு மறுநாள் அவள் பத்திரிகை கொண்டு வரவில்லை.

அன்று வேலை விட்டு, குழாயடியில் கை கழுவும்போது என் பக்கத்தில் வந்து நின்றாள். என்னைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்துச் சொன்னாள்: "நாளைக்கு எர்ணாகுளம் போறேன். ஒன்பது மணி பஸ்ஸுக்கு. நீயும் வர்றியா?"

எதற்கு என்று நான் கேட்கவில்லை. தெரியும்.

"முட்டு வலிக்குதுக்கா" என்றேன். "பஸ் படி ஏற முடியாது."

என் முட்டில் ஒரு வலியும் இல்லை. அன்று காலையில்தான் மாடிக் கிடங்குக்கு ஏறி இறங்கியிருந்தேன், அவளும் பார்த்திருந்தாள். ஆம்புலன்ஸில் கூட வந்த பையன், அவனுக்கு எதிராக எப்படி என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான். ஆபீஸில் பெயர் என்ன என்று கேட்டால்கூட என் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அந்த மேசை முன்னால் நிற்கிற என்னை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஒரு பையன் துப்பாக்கிக்கு முன்னால் நிற்கிறான், நான் மேசைக்குப் பயந்தேன்.

அக்கா கைகளை முந்தானையில் துடைத்தாள். "நான் பாத்ததைப் பாத்தேன்னு சொல்றது, ஒரு பக்கம் சேர்றதாடி பேச்சி? ராத்திரியெல்லாம் அதைத்தான் யோசிச்சேன். அவன் என் கூடப் பிறந்தவ புள்ளைதான். வேணும்னா அவனுக்கும் நான் நாளைக்குச் சோறு போடுவேன். ஆனா அவன் கரண்டின்னு சொன்னான். கேட்டேனே!"

நான் முழங்காலைத் தடவிக்கொண்டு நின்றேன்.

மறுநாள் எட்டே முக்காலுக்கு நான் வேலைக்குப் போகிற வழியை மாற்றிக்கொண்டேன். ஆனாலும் கால் பஸ் நிறுத்தத்துப் பக்கமே இழுத்தது. மிளகு மூட்டை ஏற்றிய கைவண்டி ஒன்று நின்றிருந்தது, அதன் பின்னால் நின்று பார்த்தேன். அக்கா வெள்ளைப் புடவை கட்டிக் குடை வைத்திருந்தாள். ஒன்பது மணி பஸ் வந்தது. அவள் ஏறவில்லை. நான் வரும் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கிளீனர் கதவைத் தட்டிக்கொண்டே, "கேறுன்னுண்டோ சேச்சி?" என்று, ஏறுகிறாளா எனக் கேட்டான். அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். பஸ் போயிற்று. அடுத்த பஸ் வர இருபது நிமிஷம் ஆனது. அதிலும் கடைசி ஆளாகத்தான் ஏறினாள்.

கைவண்டிக்கும் அவளுக்கும் இடையில் பத்தடிகூட இருக்காது.

அவள் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். இரண்டு நாளில் அது தமக்கை வீட்டுக்குத் தெரிந்துவிட்டது. தமக்கை மகன் கிடங்கு வாசலில் நின்று, "சித்தியா நீ? எங்க சோத்தைத் தின்னுட்டு எங்களையே காட்டிக் குடுத்தியா?" என்று கத்தினான். அக்கா சுக்கு பொறுக்குவதை நிறுத்தவில்லை. அவன் போன பிறகு எழுந்து, ஜன்னல் ஓரத்திலிருந்த தன் சாக்கை இழுத்துக் கதவோரத்தில் போட்டாள். மைமூனின் சாக்கை எடுத்து ஜன்னலடியில் விரித்தாள்.

"எனக்கு வேண்டாம்" என்றாள் மைமூன்.

"உக்காரு. காத்து வரும்."

பிறகு அக்கா உள்ளே போய், மூட்டைக்கு அடியில் போடுகிற ஒரு பலகையைத் தேடி எடுத்து வந்தாள். அதை என் சாக்கின்மேல் வைத்தாள். "முட்டு வலிக்காரி தரையில உக்காரக் கூடாது" என்றாள். குத்தலாகச் சொன்னாளா, நிஜமாகச் சொன்னாளா? அவள் முகத்தில் எப்போதும்போல ஒன்றும் இல்லை. அன்றிலிருந்து நான் அந்தக் கிடங்கில் மற்ற எல்லோரையும்விட ஒரு சாண் உயரத்தில் உட்கார்ந்து வேலை செய்தேன்.

ஒருநாள் முறத்தைப் புடைத்துக்கொண்டே பொதுவாகச் சொன்னாள்: "நான் அந்தப் பையனுக்குச் சித்திங்கிறதால, குடும்பச் சண்டையில சொல்றேன்னு அவன் வக்கீல் சொல்றாராம். வெளியாள் ஒருத்தரும் சொன்னா நல்லாருக்கும்னாங்க." என்னைப் பார்க்கவில்லை. இன்னொரு முறை கேட்கவும் இல்லை. யாரையும் ஒரு பக்கம் இழுக்கிறவள் இல்லையே அவள். நான் பலகைமேல் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

முதல் பட்டியலில் வந்த பையன்கள் ஊர் வந்து சேர்ந்தார்கள். ஷபீக் பெயர் அதில் இல்லை. அவன் அடுத்த பட்டியலில் வந்தான். இரண்டுக்கும் நடுவில் ஒரு குளிர்காலம் இருந்தது. அந்தக் குளிர்காலத்தில் அவன் வலது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தவிர மற்றவை போய்விட்டன. என் சொல் இருந்திருந்தால் முதல் பட்டியலில் வந்திருப்பானா? யாருக்கும் தெரியாது. அப்படி யாரும் சொல்லவும் இல்லை. சொல்லாததைத்தான் நான் தினமும் கேட்கிறேன்.

அவன் வருவதை அக்கா பார்க்கவில்லை. அதற்கு முந்தின மழைக்காலத்தில் காய்ச்சலில் போய்விட்டாள். தமக்கை மகனும் தோள் கொடுத்தான். மைமூன் தெருவில் உட்கார்ந்து அழுதாள். நான் கூட்டத்தின் கடைசியில் நின்றேன்.

அதற்குப் பிறகுதான் என் முட்டுக்குத் தைலம் வரத் தொடங்கியது. மைமூன் ஒரு பாட்டிலை என் வீட்டுக்குக் கொண்டு வந்தாள். "அக்கா படுக்கையில கிடந்தப்போ எங்கிட்ட சொல்லிட்டுப் போனா. பேச்சிக்கு முட்டு ஆகாம போச்சு, இல்லைன்னா அவளும் என்கூட வந்திருப்பா, அவ மேல மனசுல ஒண்ணும் வெச்சுக்காதேன்னு. நான் வெச்சிருந்தேன் பேச்சிம்மா, பொய் சொல்லல. இப்ப இல்லை. தேச்சுக்க."

சாகக் கிடந்தபோதும் அவள் இரண்டு பேரையும் விட்டுக்கொடுக்கவில்லை.

இப்போது பாட்டில் தீரும்போதெல்லாம் ஷபீக் புதியது கொண்டு வருகிறான். செம்பு இறக்க அந்தக் கை உதவாததால், கல்யாண வீடுகளில் பக்கத்தில் நின்று உப்புப் பார்த்துச் சொல்லுகிறானாம். போன வெள்ளிக்கிழமையும் வந்தான். பாட்டிலை நெஞ்சோடு சேர்த்து அணைத்து, இருக்கிற இரண்டு விரலால் மூடியைத் திருகினான். நான் வாங்கப் போனால் விடவில்லை.

"நானே தேச்சு விடறேன் பேச்சிம்மா. உம்மா சொல்லித்தான் விட்டாங்க" என்று என் எதிரே தரையில் உட்கார்ந்தான். உள்ளங்கையில் எண்ணெயை ஊற்றிக்கொண்டு நிமிர்ந்தான்.

"எந்தக் கால்?"

போன தடவை எதைக் காட்டினேன் என்று எனக்கு நினைவு வரவில்லை.